ஆவிக்குரிய முதிர்ச்சியில் வளர்வது எப்படி: கடலூர், புதுச்சேரி விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர்களும், சிறுவயதில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்களும், சபையின் எல்லாப் பணிகளிலும் கைகொடுப்பவர்களுமான பலர், நடுவயதை எட்டும்போது ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எனக்குள் உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்பதே அக்கேள்வி. அப்படிக் கேட்பது அவிசுவாசம் அன்று. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஐந்தாம் அதிகாரமே அதைக் கேட்கிறது. காலத்தைப் பார்த்தால் பிறருக்குப் போதிக்கிறவர்களாக இருக்க வேண்டிய நீங்கள் இன்னும் பாலுண்ணும் நிலையிலேயே இருக்கிறீர்களே என்று அதன் ஆசிரியர் வருந்துகிறார். பலமான ஆகாரம் யாருக்கு உரியது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். நன்மை எது, தீமை எது என்று பயிற்சியினால் பகுத்தறியப் பழகியவர்களுக்கே அது உரியது. பயிற்சி என்று வேதமே சொல்லும்போது, அது எந்தப் பயிற்சி, அதை எப்படிச் செய்வது, அதன் பலனை எதில் பார்ப்பது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கத்தோலிக்கப் பங்குகளும், ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், சி.எஸ்.ஐ. சபைகளும், பெந்தெகொஸ்தே சபைகளும் அருகருகே இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சபைக்கும் தங்கை இன்னொரு சபைக்கும் போவது இங்கே வழக்கம்தான். பின்வரும் வழிமுறைகள் எந்தச் சபையாருக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஜெபத்தில் கண்ணீர் வருவதும், பாடலில் உள்ளம் பொங்குவதும், ஒரு செய்தியைக் கேட்டு உடல் சிலிர்ப்பதும் தேவன் தரும் ஈவுகளாக இருக்கலாம். ஆனால் அவை முதிர்ச்சியின் அளவுகோல் அல்ல. கலாத்தியர் 5:22-23 ஆவியின் கனியை அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று பட்டியலிடுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை இன்னொரு மனிதர் எதிரில் நிற்கும்போதுதான் நம்மிடம் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியவரும். எனவே பயிற்சியைத் தொடங்கும் முன், உங்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் ஒருவரிடம், அவர் மனைவியோ கணவரோ மாமியாரோ வளர்ந்த பிள்ளையோ யாராக இருந்தாலும், இந்த ஒன்பதில் எது என்னிடம் மிகவும் குறைவு என்று கேளுங்கள். பதில் சொன்னதற்காக அவரைக் கோபிக்காமல் இருப்பதே முதல் பயிற்சி.

நேரமும் இடமும்

தினமும் இருபது நிமிடத்தைத் தேவனுக்கென்று பிரித்துவைப்பதிலிருந்து தொடங்கலாம். அதிகாலை ஜெபம் நம் சபைகளில் மிகவும் போற்றப்படுகிறது. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வதால் அப்போற்றுதலுக்கு ஆதாரமும் உண்டு. ஆயினும் அவர் இரவு முழுவதும் ஜெபித்ததை லூக்கா 6:12 சொல்கிறது; தானியேல் நாளொன்றுக்கு மூன்று வேளை முழங்காலிட்டார். நெய்வேலியில் இரவு ஷிப்ட் முடித்து வருபவரும், சிப்காட் தொழிற்சாலையில் வாரந்தோறும் வேலை நேரம் மாறுபவரும், விடியுமுன் மீன் இறங்குதளத்துக்கு ஓட வேண்டியவரும் நான்கு மணிக்கு எழ முடியவில்லையே என்று குற்ற உணர்வில் வாடத் தேவையில்லை. அவர்கள் கடிகாரத்தோடு அல்லாமல், தூங்கி எழுந்ததும் என்றோ, குளித்து முடித்ததும் என்றோ, அன்றாடம் தவறாது நடக்கும் ஒரு செயலோடு ஜெபத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இருபது நிமிடம் ஒரே மூச்சில் கிடைக்காது. பாலூட்டும் நேரத்தில் ஒரு சங்கீதத்தை மனத்தில் வைத்துச் சொல்லிக்கொள்வது அவருக்கு முழுமையான ஜெபம்.

கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துக்கொள்வது நல்லது. செயலியில் வாசிக்கக்கூடாது என்பதல்ல. அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய காலை வாழ்த்து வந்து நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதுதான் காரணம்.

வேதத்தை வாசிக்கும் முறை

நம் வீடுகளில் வேதம் போற்றப்படும் அளவுக்கு வாசிக்கப்படுவதில்லை என்பது என் கருத்து. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அதில் வந்த வசனத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அந்த ஆண்டு முழுவதும் அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடுகிறோம். அட்டையில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீமைக்கு அல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளையே உங்கள்மேல் நினைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனத்தை நாம் வேலைக்கும் வீட்டுக்கும் திருமணத்துக்கும் உரியதாக எடுத்துக்கொள்கிறோம். அது எழுதப்பட்டதோ, ஊரையும் ஆலயத்தையும் விட்டுப் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன மக்களுக்கு. அதற்கு முந்தைய வசனம், எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்னரே நான் உங்களைத் திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறது. அப்படியானால் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த விடுதலையைத் தம் கண்ணால் காணப்போவதில்லை. அதற்கும் முன்னே, அந்நிய நகரத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. அதிகாரம் முழுவதையும் வாசிக்கும்போது வாக்குத்தத்தம் சிறுத்துப்போவதில்லை. விரைவில் கிடைக்கும் ஆறுதலாக இருந்தது நீண்ட காத்திருப்புக்கு வேண்டிய பலமாக மாறுகிறது. எந்த வசனம் உங்களைத் தொட்டாலும் அதன் அதிகாரம் முழுவதையும் ஒருமுறையாவது வாசித்துவிடுங்கள்.

வாசிப்பில் இரண்டு வேகங்கள் வேண்டும். வேதம் முழுவதையும் அறிந்துகொள்ள வேகமான வாசிப்பு ஒன்று. புராட்டஸ்டண்ட் சபைகள் பயன்படுத்தும் 66 ஆகமங்களில் 1,189 அதிகாரங்கள் இருப்பதால், நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம் வாசித்தால் ஓராண்டை ஒட்டி முடித்துவிடலாம். வேலைப் பளு மிகுந்தவர்கள் அதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொள்வதில் எந்த இழப்பும் இல்லை. மற்றொன்று, ஒரு சிறு பகுதியோடு நெடுநேரம் தங்கும் வாசிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ இதனை வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவ சமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக வகுத்தார்.

மாற்கு 10:46-52-ஐ வைத்து இதைச் செய்து பார்க்கலாம். வழியோரத்தில் உட்கார்ந்திருந்த குருடனாகிய பர்திமேயு கூப்பிடுகிறான். பேசாதிரு என்று அநேகர் அவனை அதட்டுகிறார்கள். இயேசு நின்று, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். முதலில் அப்பகுதியை வாய்விட்டு இரண்டு முறை மெதுவாக வாசியுங்கள். பிறகு மனம் எங்கே தங்குகிறது என்று கவனியுங்கள். கூப்பிடுகிறவனிடம் தங்கினால் உங்களுக்குள் அடக்கி வைத்த ஒரு தேவை இருக்கலாம். அதட்டுகிறவர்களிடம் தங்கினால், நீங்கள் யாரை வாயடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதையே மூன்றாவதாக, அலங்காரச் சொற்கள் எதுவுமின்றி, தேவனிடம் சொல்லுங்கள். கடைசியில் சில நிமிடங்கள் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் பொறுமை இழந்து எழுந்துவிடுகிறார்கள். மனம் அலைவது இயல்பு. அலைந்தது தெரிந்ததும், அவர் கேட்ட அந்தக் கேள்விக்கே திரும்பி வந்தால் போதும்.

ஜெபத்தில் உண்மையாக இருத்தல்

ஜெபிக்கத் தெரியவில்லை என்பவர்களுக்குச் சங்கீதங்களைவிட நல்ல பள்ளி இல்லை. அவற்றில் துதி இருக்கும் அளவுக்குப் புலம்பலும் முறையீடும் கோபமும் இருக்கின்றன. கர்த்தாவே, எதுவரைக்கும் என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் முறையீட்டிலிருந்து நம்பிக்கைக்கு வந்துவிடுகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. தேவனிடம் சொல்லக்கூடாதென்று நாம் மறைத்து வைப்பவற்றை அவருடைய வார்த்தையே நமக்கு முன்பாகச் சொல்லிவிட்டது. நாளுக்கு ஒன்றாக வாசித்தால் ஐந்து மாதங்களில் 150 சங்கீதங்களும் முடிந்துவிடும். மீண்டும் முதலாம் சங்கீதத்திலிருந்து தொடங்கலாம்.

இரவில் படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் அன்றைய நாளைத் தேவனுக்கு முன்பாகத் திரும்பிப் பார்ப்பது மிகவும் பயன் தரும். 16-ஆம் நூற்றாண்டில் புனித லொயோலா இஞ்ஞாசியார் இப்பழக்கத்தைத் தம் துறவிகளுக்கு வற்புறுத்திக் கற்றுத்தந்தார். முதலில் அன்று பெற்ற நன்மைக்கு நன்றி, அடுத்து தன்னை உள்ளபடி காண்பதற்கான வெளிச்சத்தைக் கேட்டல், பிறகு காலை முதல் நடந்ததை நினைவுகூர்தல், தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கென ஒரு சிறு தீர்மானம் என்ற அதன் ஒழுங்கைப் புராட்டஸ்டண்ட் சபையாரும் தயக்கமின்றிக் கைக்கொள்ளலாம். தீர்மானம் சிறியதாக இருக்க வேண்டும். இனிமேல் கோபப்படமாட்டேன் என்பது யாராலும் காக்க முடியாதது. நாளைக் காலை மகன் பள்ளிக்குக் கிளம்பும் வரை குரலை உயர்த்தமாட்டேன் என்பதைக் காத்தோமா இல்லையா என்று மறுநாள் இரவு நமக்கே தெரிந்துவிடும்.

உபவாசம், காணிக்கை ஆகியவற்றைப் பற்றி நம் சபைகளில் போதுமான போதனை இருக்கிறது. லெந்து எனப்படும் தவக்கால நாட்களில் உபவாசத்தால் உணவுச் செலவில் மிச்சமான பணத்தை யாருக்கும் சொல்லாமல் இல்லாதவர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

சபையும் வழிகாட்டியும்

தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் சிறந்த செய்திகள் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்பவர் வளரலாம். ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால், தன்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவரும் தான் பொறுத்துக்கொள்ள வேண்டியவரும் இல்லாத ஓர் இடத்தில்தான் அவர் நிற்கிறார். பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டமோ, தெருவில் வாரம் ஒருமுறை கூடும் வீட்டு ஜெபக் கூட்டமோ, எட்டுப் பத்துப் பேர் உங்கள் பெயரையும் உங்கள் கவலையையும் அறிந்த ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

அத்துடன், உள்ளத்தைத் திறந்து பேச ஒரு மூத்தவர் வேண்டும். கத்தோலிக்கருக்குக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்றவர்களுக்கும், உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. அந்த மூத்தவர் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் துன்பத்தின் நடுவே விசுவாசத்தைக் காத்துக்கொண்ட ஓர் அம்மாவாகவும் இருக்கலாம். கேட்டதை வெளியே சொல்லாதவராக, உங்களிடம் பணம் எதிர்பார்க்காதவராக, உங்களுக்கு விருப்பமில்லாததையும் சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார் என்று சொல்லி, யாரை மணப்பது, நிலத்தை யாருக்கு விற்பது, யாருடைய உறவை அறுப்பது என்று உங்கள் வாழ்க்கையின் முடிவுகளை எடுக்க முன்வருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுல், உடனே அடுத்த வசனத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார்.

சுவர்கள்

இவ்வளவும் செய்பவரிடம் வளர்ச்சி இருக்கிறதா என்பதைச் சோதிக்கும் இடத்துக்கு இப்போது வருகிறோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட மக்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. 1745 அக்டோபரில் சேரிகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் திரண்டு சென்று, எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்று மூத்த குருவிடம் முறையிட்டதையும், அதன்பேரில் அச்சுவர் அகற்றப்பட்டதையும் அங்கே பிரெஞ்சுக்காரரிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அச்சுவரின் ஒரு புறத்திலும் மறு புறத்திலும் மக்கள் ஒரே பூசையில் மண்டியிட்டார்கள்; ஒரே ஜெபத்தைச் சொன்னார்கள். எபேசியர் 2:14 கிறிஸ்துவைப் பிரிவினையின் நடுச்சுவரைத் தகர்த்தவர் என்று அழைப்பதும் அதே கோயிலில் வாசிக்கப்பட்டிருக்கும். பக்தி குறைந்ததால் கட்டப்பட்ட சுவர் அன்று அது. பக்தி மிகுந்தவர்களே அதன் பக்கத்தில் மன அமைதியோடு ஜெபித்தார்கள் என்பதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டியது.

செங்கல் சுவர் போய்விட்டது. ஆனால் இன்றும் தமிழகத்தில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. நம் திருமண விளம்பரங்களில் ஞானஸ்நானத்துக்கு அருகிலேயே சாதிப்பெயரும் இடம்பெறுகிறது. எனவே வளர விரும்புகிறவர் தம்மிடம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் சபையில் யார் வீட்டில் நான் இதுவரை சாப்பிட்டதில்லை? யார் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருந்தேன்? என் பிள்ளை சபையிலேயே ஒருவரை விரும்பி, அவர் வேறு சாதி என்றால் நான் என்ன செய்வேன்? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்ட பேதுருவைப் பவுல் எல்லோருக்கும் முன்பாகக் கண்டித்ததைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பந்தியை விட்டு விலகுவது சுவிசேஷத்தின் சத்தியத்தை விட்டு விலகுவது என்றே பவுல் கருதினார். ஆகவே இந்த மாதத்துக்குள் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். ஊழியம் செய்யப் போவதுபோல் போகாமல், உறவினர் வீட்டுக்குப் போவதுபோல் போங்கள்.

சபைக்கு வெளியே இருப்பவர்கள் நம்மை எப்படிக் காண்கிறார்கள் என்பதும் இதே சோதனையைச் சேர்ந்தது. ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் 1750-இல் கடலூரில்தான் கரையிறங்கினார். 1798-இல் மறையும் வரை தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தார். 1779-இல் சென்னை அரசு ஹைதர் அலியிடம் தூது அனுப்ப அவரைத்தான் தேடியது. தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வந்தபோது, அரசின் வாக்கை நம்ப மறுத்த மக்கள் அவர் சொல்லை நம்பி உணவுப்பொருள்களைக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கடைக்காரரும், அலுவலகத்தில் உடன் பணிபுரியும் இந்து, முஸ்லிம் நண்பர்களும் நம் சொல்லை அப்படி நம்புவார்களா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

மன்னிப்பும் இங்கேயே வருகிறது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முன்பு உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள், வருடக்கணக்கில் ஒரே ஆலயத்தின் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே வந்து திருவிருந்தில் பங்கு பெறுகிறார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தாலும், நலம் விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்பது அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போவது அன்று. அப்படிப்பட்ட பெண்ணிடம் பொறுத்துக்கொள்ளம்மா என்று சொல்லி அனுப்பிவைக்கும் மூப்பர், வேதத்தின் பெயரால் தீமைக்குத் துணைபோகிறார். அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதுதான் சபையின் முதல் கடமை.

வறண்ட காலமும் துயரக் காலமும்

மேற்சொன்ன யாவற்றையும் ஒழுங்காகச் செய்துவரும்போது, ஒரு கட்டத்தில் ஜெபம் வறண்டுபோகும். வாசித்த வசனம் ஒன்றும் பேசாது; தேவன் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். இது வழிதவறியதன் அடையாளம் என்று நினைத்துப் பலர் சபையை மாற்றுகிறார்கள், அல்லது ஜெபத்தை விட்டுவிடுகிறார்கள். அன்னை தெரசா பல பத்தாண்டுகள் அத்தகைய இருளில் இருந்தபடியே தம் பணியைச் செய்தார் என்பது, அவர் மறைந்த பின் வெளியான கடிதங்களால் உலகுக்குத் தெரியவந்தது. வறண்ட காலத்தில் ஜெப நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சொந்த வார்த்தை வராவிட்டால் கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்திச் சொல்லுங்கள், அல்லது சங்கீதத்தின் வார்த்தைகளைக் கடன் வாங்குங்கள். உங்கள் மூத்தவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவனை உணராமலேயே அவருக்கு உண்மையாக இருக்கக் கற்றுக்கொள்ளும் காலம் இது. இனிமையான நாட்களில் இதைக் கற்றுக்கொள்ள வழியில்லை.

துயரம் வேறு. 2004 சுனாமியையும், 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்த தானே புயலையும் கண்ட கரை நம்முடையது. அத்தகைய நாட்களில் இது ஏன் வந்தது என்று விளக்க முன்வருவது முதிர்ச்சி அன்று. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து விளக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். இழந்தவரின் வீட்டுக்குப் போய், சேற்றை அள்ளி, அடுப்பு மூட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் தேவன்மேல் கோபமாகப் பேசினால் திருத்தாதீர்கள்.

வறட்சியையும் மன அழுத்த நோயையும் ஒன்றாக எண்ணிவிடவும் கூடாது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போய், வழக்கமான வேலைகளைக்கூடச் செய்ய முடியாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அதை ஜெபக்குறைவு என்றோ பிசாசின் போராட்டம் என்றோ மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவிடம் தேவன் முதலில் போதனை எதுவும் சொல்லவில்லை என்று 1 இராஜாக்கள் 19 காட்டுகிறது. தூதன் அவனைத் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவன் உண்டு மீண்டும் தூங்கினான். இரண்டாம் முறையும் உணவு வந்தது. ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். சிகிச்சை பெறும் மாதங்களில் இருபது நிமிட ஜெபம் முடியாவிட்டால், உங்களுக்காக ஜெபிக்கும்படி அன்பியத்திலோ ஜெபக் கூட்டத்திலோ இருவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். பலம் திரும்பியதும் ஒரு சங்கீதத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.